கதையில் கறுப்பு, படத்தில் சிவப்பு

பாளையங்கோட்டையில் முதுகலை படித்துக்கொண்டே இணையத்தில் தொடர்கதை எழுதிவரும் ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவருடைய கதாநாயகி உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்ப் பெண். நல்ல கறுப்பு என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு ரசிகை அன்போடு வரைந்து அனுப்பிய படத்தில் அவள் பால் நிறத்தில் நிற்கிறாள். இன்னொருவர், தாம் மனத்தில் வைத்து வாசிப்பது ஓர் இந்தி சீரியல் நடிகையின் முகத்தைத்தான் என்று கருத்திட்டிருக்கிறார். குறை தம் எழுத்திலா வாசிப்பவர்களிடமா, ஹாலிவுட் படங்களில் கறுப்பினத்தவர் நடித்தால் அங்குள்ள ரசிகர்கள் போடும் சண்டையும் இதுவும் ஒன்றுதானா, கறுப்பை எப்படி எழுதினால் அது கறுப்பாகவே நிற்கும் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். எழுத்தில் குறை இருந்தால்தான் வாசகர் நிறத்தை மாற்றுவார் என்பதில்லை. தெளிவாக எழுதியிருந்தாலும் மாற்றுவார். இதற்கு எல்லோரும் காட்டும் சான்று 'ஹங்கர் கேம்ஸ்'. 2008இல் வெளிவந்த அந்த நாவலில் ரூ என்னும் சிறுமிக்குக் கரும்பழுப்பு நிறத் தோலும் அதே நிறக் கண்களும் என்று ஆசிரியை சுசான் காலின்ஸ் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். 2012இல் படம் வந்து, அந்த வேடத்தில் கறுப்பினக் குழந்தை நடிகை அமண்ட்லா ஸ்டென்பெர்க்கைக் கண்டதும், நாவலை வாசித்துக் கண்ணீர் விட்டவர்களிலேயே சிலர் ஏமாற்றமடைந்து ட்விட்டரில் எழுதினார்கள். அவள் கறுப்பு என்று தெரிந்தபின், கதையில் வரும் அவள் சாவு முன்போல் வருத்தம் தரவில்லை என்றுகூட எழுதினார்கள். இது வெறும் கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. கதையில் நாயகிக்கு ரூவைப் பார்க்கும்போதெல்லாம் உருவத்தாலும் நடத்தையாலும் தன் சொந்தத் தங்கை நினைவுக்கு வருகிறாள். அந்தத் தங்கை வெளுத்த நிறத்தவள். வாசகர் தங்கை மேல் வைத்த பாசத்தை ரூவுக்குக் கொடுத்தபோது தங்கையின் நிறத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். பாசத்துக்கு உரியவள் என்றால் வெளுப்பாகத்தான் இருப்பாள் என்ற பழக்கம், அச்சில் இருந்த வரியைக் கண்ணுக்குப் படாமல் தாண்டிச் செல்ல வைத்தது. உங்கள் ரசிகை செய்திருப்பதும் இதுதான்: அவருக்கு உங்கள் நாயகியைப் பிடித்துப்போயிருக்கிறது, ஆகவே சிவப்பாக்கிவிட்டார்.

ஆசிரியர் சும்மா விட்ட இடத்திலும் இதுவே நடக்கிறது. 2015 டிசம்பரில், ஹாரி பாட்டர் கதைத் தொடர்ச்சியாக லண்டனில் அரங்கேறவிருந்த நாடகத்துக்கு கதையின் முக்கியப் பெண் பாத்திரமான ஹெர்மயனியாகக் கறுப்பின நடிகை நோமா டுமெஸ்வெனி தேர்ந்தெடுக்கப்பட்டதும் எதிர்ப்பு எழுந்தது. அப்போது கதையாசிரியை ரவுலிங், மூலக்கதையில் இருப்பவை பழுப்பு நிறக் கண்கள், சுருண்ட முடி, மிகுந்த புத்தி ஆகியவையே, வெள்ளைத் தோல் என்று எங்கும் குறிப்பிடப்படவில்லை என்று பதில் சொன்னார். சொல்லாமல் விட்ட இடத்தை வெள்ளையால் நிரப்பிக்கொண்டு, அதையே ஆசிரியர் எழுதியது என்று சாதிப்பது ரசிகர் உலகின் வழக்கம். மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற வாதம் பாத்திரம் கறுக்கும்போது உரத்து ஒலிப்பதையும், வெளுக்கும்போது பெரும்பாலும் அடங்கிவிடுவதையும் கவனித்துவந்தால் அந்த விசுவாசத்தின் தரம் தெரியும்.

உங்களைப் போன்ற எழுத்தாளர் பயில வேண்டியவர் என்று நான் கருதுவது உர்சுலா லெ குவின். 1968இல் அவர் எழுதிய எர்த்ஸீ மந்திரவாதிக் கதையில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன்; அவன் நண்பன் நல்ல கறுப்பு; வெள்ளையர்கள் கொள்ளையடிக்க வரும் அயலார். லெ குவின் இதை முதல் பக்கத்தில் அறிவிக்கவில்லை. வாசகன் அந்தச் சிறுவனோடு ஒன்றிப்போன பிறகே நிறம் தெரியவருமாறு வேண்டுமென்றே அமைத்தார். அப்படியிருந்தும் பதிப்பாளர்கள் பல அட்டைகளில் கெட்டை வெள்ளையனாகவே போட்டார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் வெள்ளை நடிகரே நடித்தார். அதைக் கண்டித்து அவர் வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். எழுத்தாளர் எழுதியதை அட்டைப்படமும் நடிகர் தேர்வும் அழித்துவிட முடியும் என்பது இந்த வரலாற்றில் நமக்கு முக்கியமான பகுதி. அட்டைப்படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நம் நாட்டோடு ஒட்டிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. ஆசிய, ஆர்க்டிக் பண்பாடுகளைத் தழுவி அமைந்த ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 2010இல் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்று திரைப்படமானபோது, நல்லவர்களான முதன்மைப் பாத்திரங்களுக்கு வெள்ளை நடிகர்களும், பகைநாட்டு இளவரசன் வேடத்துக்கு இந்திய வம்சாவளி நடிகர் தேவ் படேலும் அமர்த்தப்பட்டார்கள். ரசிகர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். இயக்குநர் எம். நைட் ஷியாமளன் மாஹேயில் பிறந்தவர். தாயார் தமிழ்ப் பெண். நம்மவர் ஒருவர் உள்ளே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது இரண்டாவது கேள்வி. அங்குள்ள சண்டையும் நம் சிக்கலும் ஒன்றா? தொடர்பு உண்டு, ஆனால் ஒன்றல்ல. ஒன்றாக்கி எழுதினால் உங்கள் கதை வேறொரு நாட்டுக் கதையாகிவிடும். இனம் என்ற வகைப்பாடு நம் பக்கத்துக்கும் வந்துசேர்ந்த ஒன்றுதான். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் தாழிகளுக்குள் கிடைத்த மண்டையோடுகளை அளந்து, இவை எந்த இனத்தவருடையவை என்று பிரித்துக் காட்ட முயன்ற ஆய்வு 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாகவே வந்தது. ஆனால் அந்த அளவுகோல் நம் வீடுகளுக்குள் வேரூன்றவில்லை. அமெரிக்காவில் நிறக்கோடு சமூகங்களுக்கு நடுவே சட்டத்தாலும் அடிமை முறையாலும் போடப்பட்டது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் 1940களில் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி எது நல்லது என்று கேட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத் தொட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அந்த ஆய்வு சுட்டிக்காட்டப்பட்டது. அங்கே திரையில் ஒரு முகம் என்பது, சட்டப்படியே வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒரு மக்கள் கூட்டம் உள்ளே வருவதன் அடையாளம்.

நம் நிறக்கோடு வீட்டு நடுமுற்றத்தில் ஓடுகிறது. ஒரே வயிற்றில் பிறந்த அக்கா கறுப்பு, தங்கை சிவப்பு; மாப்பிள்ளை வீட்டார் வரும்போது தங்கையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும் தாய்மார்களை இந்தப் பக்கத்தில் யாரும் கதையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது இழை வெயில். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டு உப்பை வாருகிறார்கள். அதே வயதுப் பெண் முக்கூடல் பக்கம் வீட்டுத் திண்ணை நிழலில் பீடி சுற்றுகிறாள். நிறம் என்பது எவர் எங்கே நின்று எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதன் கணக்காகவும் வாசிக்கப்படுகிறது. மூன்றாவது இழை சாதி. நிறத்தையும் சாதியையும் முடிச்சுப் போடும் பழமொழிகள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதிக்காட்ட எனக்கு விருப்பமில்லை, நீங்களே கேட்டிருப்பீர்கள். எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் இருக்கிறது என்பது கண்முன் தெரிந்தும் அந்தப் பழமொழிகள் உயிரோடு இருப்பதுதான் கவனிக்கத் தக்கது. கறுப்பினத்தவரின் போராட்டச் சொற்களை அப்படியே எடுத்து உங்கள் நாயகியின் வாயில் வைத்தால் இந்த மூன்று இழையும் கதையிலிருந்து நழுவிவிடும்.

பழந்தமிழருக்கு நிறப் பேதமே கிடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. பொன்மேனி என்ற புகழ்ச்சியும் பழையதுதான். ஆனால் அழகை அளக்க வேறு அளவைகளும் நம்மிடம் இருந்தன. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகைப் பாட்டில், கன்றுக்கும் இல்லாமல் கலத்திலும் விழாமல் தரையில் வீணான நல்ல பசுவின் பாலைப் போல, தன் மாமை அழகு, அதாவது கருமை கலந்த மேனியழகு, தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல், பிரிவில் மேனி வெளிறும் பசலைக்கு இரையாகிறதே என்று தலைவி வருந்துகிறாள். மேனி வெளிறுவதுதான் அங்கே அழகு போவதற்கு அடையாளம். நம் குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் வசந்தவல்லியை அறிமுகம் செய்யும்போது, இருண்ட மேகம் சுருண்டு சுழித்தது போன்ற கொண்டையில் தொடங்கி, காதின் குழைவரை ஏறியாடி நெஞ்சைச் சூறையாடும் கண்ணுக்கு வருகிறார். வாசித்து முடித்தவர் மனத்தில் நிற்பது அசைவு. குலசேகரன்பட்டினம் தசராவில் மாலை போட்டு விரதமிருந்து, கரிய வண்ணம் பூசி, நாக்கைத் தொங்கவிட்டுக் காளி வேடம் கட்டி வருபவரைக் கண்டால், கடைக்காரர் எழுந்து நின்று காணிக்கை போடுகிறார். கும்பிடும்போது உறுத்தாத நிறம் மருமகளாக வரும்போது மட்டும் எப்படி உறுத்துகிறது என்பது உங்கள் கதைக்கே நல்ல கருப்பொருள்.

வாசகரின் கண் இப்படிப் பழகியதில் தொழில்நுட்பத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இதைப் பலரும் பேசாமல் விடுகிறார்கள். கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படமே இருந்தது; ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்களில் கண்ணும் பல்லும் தவிர மற்றவை இருட்டாகிப்போனதைப் பற்றிக் குறைகூறியவர்களைவிட, மரச்சாமான்களின் பழுப்பும் சாக்லேட்டின் பழுப்பும் விளம்பரங்களில் சரியாக வரவில்லை என்று முறையிட்ட நிறுவனங்களுக்கே அந்தத் தொழில் முதலில் செவிசாய்த்தது என்று இதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் வார இதழ்களில் நடந்தது வேறு வகை. தொடர்கதை ஓவியங்கள் கறுப்பு மையில் கோடுகளாக அச்சான காலத்தில், ஓவியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், முகத்தில் அவர் மை தொடாமல் விட்ட இடம் காகிதத்தின் வெள்ளையாகவே நின்றது. கூந்தலுக்கு மை, தோலுக்குக் காகிதம். அதைப் பார்த்தே மூன்று தலைமுறை வாசகர்கள் கதாநாயகிகளைக் கற்பனை செய்யப் பழகினார்கள். கல்கி 1950 முதல் எழுதிய 'பொன்னியின் செல்வன்' கதையில் நந்தினிக்குப் பொன் நிறம், குந்தவைக்குச் செந்தாமரை நிறம் என்று கவனமாக வேறுபடுத்தியிருக்கிறார். இரண்டுமே வெளிச்சமான பக்கத்து நிறங்கள் என்பதை விட்டுவிட்டாலும், அந்த வேறுபாடு கோட்டோவியத்தில் எப்படித் தெரியும்?

இன்றைய நிலையைக் காண நெல்லைச் சந்திப்புப் பக்கம் எந்த ஸ்டூடியோவுக்காவது போய் உட்கார்ந்து பாருங்கள். பெண் வீட்டார் தரகரிடம் கொடுப்பதற்காக எடுத்த போட்டோ கணினியில் திறந்திருக்கும். யாரும் கேட்காமலேயே அந்தப் பையன் மௌஸை முகத்தின் மேல் வட்டமாக ஓட்டுவான். நெற்றி, கன்னம், மூக்கு என்று ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டே வரும். அவசரத்தில் காதோரமும் கழுத்தும் விட்டுப்போயிருக்கும். மடியில் வைத்த கைகள் சொந்த நிறத்திலேயே இருக்கும். ஒரே பெண், இரண்டு நிறம். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் யாரும் கையைப் பார்த்துச் சந்தேகப்படுவதில்லை. முகம்தான் உண்மை, கைகள் நிழலில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் நாயகியின் நிறத்தைச் சொன்ன வரிக்கு நேர்ந்ததும் இதுவே.

திரைப்படங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கறுத்த நாயகர்களை ரஜினிகாந்த் காலம்தொட்டு ஏற்றுக்கொண்ட ரசிகர்கள், அவர்களுக்கு ஜோடியாகக் கறுத்த பெண்ணைப் பெரும்பாலும் கண்டதில்லை. 2007இல் வந்த 'சிவாஜி'யில் இரு பெண்களுக்குக் கரும்பூச்சு ஒப்பனை செய்து, பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவை என்பவற்றைச் சூட்டி, அவர்கள் நிறத்தையே சிரிப்பாக்கினார்கள். தந்தையையும் நாட்டையும் இழந்து, அற்றைத் திங்கள் வெண்ணிலவை நினைத்துப் பாடிய பெண்களின் பெயர்கள் அவை. அதே படத்தின் ஒரு பாட்டில் நாயகனின் தோலைக் கணினி வரைகலையால் வெள்ளைக்காரத் தோலாக மாற்றிக் காட்டினார்கள். 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சு 2020இல் பெயரில் இருந்த வெளுப்பைக் கைவிட்டது. கறுத்த நிறத்தவரைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் தர அமைப்பு 2014இல் நெறிமுறை வகுத்தது. மாற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது விளம்பர வாசகங்களில் வந்த அளவுக்குத் தொடர்கதைகளில் வரவில்லை.

இனி, எழுதும் வழி. முதல் அத்தியாயத்தில் ஒருமுறை கறுப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒருமுறை சொன்ன செய்தியை வாசகர் தம் பழக்கத்துக்கு ஏற்ப அழித்துவிடுவார். நிறம் காரியங்களில் கலந்து திரும்பத் திரும்ப வரவேண்டும். டவுணில் ஜவுளிக் கடைக்கு அவளை அழைத்துப் போங்கள். விற்பனைப் பெண் ஒரு சேலையைப் பிரித்து அவள் தோள்மேல் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்துவாள். கூட வந்த அத்தை, "இந்தக் கலரு இவளுக்கு எடுக்காது, வெளிர் கலரா காட்டு" என்பாள். அவள் அந்த அரக்குச் சேலையையே கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். நிறம், வீடு, காசு, பிடிவாதம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வந்துவிடும். வெயிலில் அவள் மேல் உதட்டு வியர்வை மின்னுவதையும், மஞ்சள் பூசிய முகம் எப்படித் தெரிகிறது என்பதையும், கவரிங் செயின் கழுத்தில் எடுப்பாக நிற்பதையும் எழுதலாம். தின்பண்டத்தோடு ஒப்பிடும் பழக்கத்தைத் தவிருங்கள். கறுத்த தோலைச் சாக்லேட், காபி என்று வருணிப்பதைக் கறுப்பின வாசகர்கள் நெடுங்காலமாக எதிர்க்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. உடன்குடி என்றதும் கருப்பட்டி கை நீட்டிக் கூப்பிடும்; போகாதீர்கள்.

'கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா' என்ற வாசகத்தை ஊரார் சொல்லட்டும், கதைசொல்லி சொல்ல வேண்டாம். நாயகன் அவள் நிறத்தைப் 'பொருட்படுத்தாமல்' காதலித்தான் என்று எழுதுவதும் அதே தவறின் மறுபக்கம். பெருந்தன்மைக்குப் பெயர் காதல் இல்லை. அவனுக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது என்றே எழுதுங்கள், காரணம் சொல்லாமல். அவள் ஒருத்தியை மட்டும் கறுப்பாக்கினால் நிறம் அவளுடைய நோயாகத் தெரியும். தோழி, டீச்சர், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி என்று பலருக்கும் பல நிறம் கொடுங்கள், சிவந்தவர்களுடைய நிறத்தையும் குறிப்பிடுங்கள். சிவப்பு மட்டும் சொல்லாமலே புரியும் நிறமாக இருக்கும்வரை கறுப்பு விதிவிலக்காகவே தோன்றும். எல்லா அத்தியாயத்திலும் அவள் நிறத்துக்காக அழவும் வேண்டாம். அவளுக்குப் பரீட்சை இருக்கிறது, கடன் இருக்கிறது, கோபம் வருகிறது.

படம் வரைந்தனுப்பிய ரசிகையிடம் மௌனமாக இருந்துவிடாதீர்கள், பொது இடத்தில் குட்டவும் செய்யாதீர்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நடித்த ஆசிய வம்சாவளி நடிகை கெல்லி மேரி டிரான், ரசிகர்களின் இனவெறித் தாக்குதலுக்குப் பின் 2018இல் தம் இன்ஸ்டாகிராம் பதிவுகளையே அகற்ற நேர்ந்தது. அன்பு என்ற பெயரில் கூடும் கூட்டம் எவ்வளவு விரைவில் திரும்பும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் ரசிகை அந்த வகை இல்லை. நன்றி சொல்லிவிட்டு, அவளுடைய தோலைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளை எடுத்து அனுப்பி, இந்த நிறத்தில் ஒருமுறை வரைய முடியுமா என்று தனிச்செய்தியில் கேளுங்கள். வரைபவர்களுக்குப் பொதுவாக இது பிடித்த வேலை, ஏனெனில் கறுத்த தோலில் ஒளி விழுவதைத் தீட்டுவதில் நீலமும் ஊதாவும் செம்மையும் கலக்க வேண்டியிருக்கும். அட்டைப்படத்தை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் சீரியல் நடிகை படத்தையோ, செயற்கை நுண்ணறிவு ஆக்கித் தரும் படத்தையோ போட்டால் பெரும்பாலும் அவள் மறுபடி வெளுத்துத்தான் வருவாள். கறுப்பு என்று கேட்டாலும் அந்தக் கருவிகள் பல நேரம் ஒரு ஷேடு வெளுப்பாகவே தருகின்றன. முகம் இல்லாத அட்டை போதும் என்றால் தேரி மணலில் பதிந்த ஒரு காலடியோ பனையோ போடலாம், ஆனால் உங்கள் கதைக்கு அது தப்பித்தல் ஆகிவிடும். தேரிக்காட்டுப் பெண்கள் யாரையாவது, அவர்கள் சம்மதத்தோடு, காலை வெயிலில், ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படம் எடுத்து, அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். கழுத்தும் கையும் முகமும் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே பதிவேற்றுங்கள்.